அப்பத்தாவுக்கும் பங்கு உண்டு: திருச்சி வீட்டை விற்ற அனுபவம்

அப்பா கட்டிய வீட்டை விற்க எங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. திருச்சி கே.கே.நகரில் 1984-ல் வாங்கிய மனை, 1988-ல் குடிபோன வீடு. தண்ணீர்க் கஷ்டம் இல்லை, பக்கத்து வீட்டோடு வழக்கு வம்பு இல்லை. "விக்கிறோம்னு சொன்ன மறுநாளே போயிடும்" என்று சொல்லாத ஆள் இல்லை. போகவில்லை. இடையில் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் தண்டமாகப் போனது, சொந்தத்துக்குள் பழைய மனஸ்தாபம் ஒன்று கிளம்பியது, அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை ஒன்று கூடியது. அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறான். அம்மா என்னோடு சென்னையில். ஆகவே ஓட்டம் முழுக்க என்னுடையது. இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறி, காலையில் இறங்கி, வேலையைப் பார்த்துவிட்டு மாலையே திரும்பிய நாட்களில், இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல ஒரு ஆள் இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்துக்கொண்டே வருவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா 2019-ல் போனார். அடுத்த வருடம் அம்மா சென்னைக்கு வந்ததிலிருந்து வீடு பூட்டியே கிடந்தது. பூட்டிய வீடு எத்தனை வேகத்தில் கெட்டுப்போகும் என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். மொட்டை மாடியில் வேப்பஞ்சருகு மழைநீர்க் குழாயை அடைத்து, தண்ணீர் தேங்கி, கூடத்துச் சீலிங்கில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது. அலமாரிக்குப் பின்னால் கரையான். மீட்டர் பெட்டிக்குள் குளவிக்கூடு. 2023 கடைசியில், விற்பது என்று முடிவானதும் ஒரு மேஸ்திரியைக் கூட்டிப்போய்க் காட்டினேன். தரைக்கு டைல்ஸ், அடுப்படிக்கு கிரானைட் மேடை, மாடுலர் கிச்சன், பாத்ரூம் மாற்றம் என்று ஐந்தே முக்கால் லட்சத்துக்கு எஸ்டிமேட் போட்டார். "பளபளன்னு இருந்தா பத்து லட்சம் கூடக் கேக்கலாம் மேடம்" என்றார்.

எதிர்வீட்டு மாமா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் தடுத்தார். "முப்பத்தஞ்சு வருஷ வீடும்மா. வர்றவன்ல பாதிப் பேரு இடத்துக்குத்தான் வருவான். இடிச்சிட்டு மூணு மாடி ஏத்துவான். அவனுக்கு உன் டைல்ஸ் எதுக்கு? குடியிருக்க வர்றவனுக்கு அவன் வீட்டம்மா பாத்து எடுக்கிற டைல்ஸ்தான் வேணும்." இந்த ஒரு பேச்சு எனக்கு நாலு லட்சம் மிச்சம் பண்ணிக் கொடுத்தது. பழைய வீட்டுக்குச் செலவு செய்யும் முன் உங்கள் தெருவை ஒரு நடை நடந்து பாருங்கள். பழைய வீடுகள் இடிபட்டு அடுக்குமாடியாக மாறிக்கொண்டிருந்தால் உங்கள் வீட்டுக்கும் இட மதிப்புதான் விலை. அழகுச் செலவை விட்டுவிட்டு, பயமுறுத்துகிற குறைகளை மட்டும் சரிசெய்தால் போதும்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். மாடியில் தட்டோடு பெயர்ந்த இடங்களைப் பூசி ஒழுக்கை நிறுத்தினோம். சீலிங்கைக் கொத்திக் கம்பிக்குத் துரு எடுத்துப் பூசினோம். கரையான் மருந்து அடித்து, செப்டிக் டேங்க் சுத்தம் செய்து, மோட்டாரைக் கழற்றி மாட்டி, எல்லா அறைக்கும் நல்ல வெளிச்சமான பல்பு போட்டோம். கடைசியாக உள்ளும் புறமும் பெயின்ட். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து அறுபதாயிரம். ஒழுகின இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் அடித்து வைக்காதீர்கள். வாங்க வருகிறவர்கள் கண் நேராக அங்கேதான் போகும். சுவர் முழுக்க அடியுங்கள், இல்லை என்றால் அடிக்கவே வேண்டாம். ஒழுகியதா என்று கேட்டால், ஒழுகியது, சரிசெய்தோம், இதோ செலவுக் கணக்கு என்று காட்டுங்கள். அந்தக் கணக்குச் சீட்டைப் பார்த்த பிறகு யாரும் அதை வைத்து விலை குறைக்கவில்லை.

சாமான்களை ஒழிப்பதுதான் மனசுக்குக் கஷ்டமான வேலை. அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, "இது இருக்கட்டும்" என்று திரும்ப அதே இடத்தில் வைப்பார். நானும் பொறுமை இழந்து கத்தியிருக்கிறேன். ஒரு அறையை அம்மாவுக்கென்று பூட்டி வைத்து மற்ற அறைகளைக் காலி செய்தபின் சமாதானமானது. முழுக்கக் காலி செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வெறும் அறை சின்னதாகத் தெரியும், பேச்சு எதிரொலிக்கும். ஒரு கட்டில், நாலு நாற்காலி, பூஜை அறையில் படங்கள் இருக்கட்டும். ஆள் வருகிற அன்று விடிந்ததும் எல்லா ஜன்னலையும் திறந்து வையுங்கள். பூட்டிய வீட்டு வாடை ஒரு மணி நேரத்தில் போகாது. அப்புறம் தண்ணீர். ஒரு அம்மா வந்தார். ஹால், அறை எதையும் கண்டுகொள்ளாமல் நேரே பின்கட்டுக்குப் போய், போர்க் குழாயைத் திறந்து, முதல் தண்ணீரை ஓடவிட்டு, உள்ளங்கையில் பிடித்து வாயில் விட்டுப் பார்த்தார். "உப்பு இல்லைங்க" என்று வீட்டுக்காரரிடம் சொன்ன பிறகுதான் வீட்டுக்குள்ளேயே வந்தார். அதிலிருந்து ஆள் வருகிற நாளெல்லாம் காலையிலேயே மோட்டார் போட்டுத் தொட்டியில் கிடந்த பழைய தண்ணீரை மாற்றிவிடுவேன்.

விலை விஷயத்தில் ஊரில் ஆளுக்கு ஒரு கணக்கு. பக்கத்துத் தெருவில் ஒன்றே கால் கோடிக்குப் போனது என்பார் ஒருவர், போனதாகச் சொன்ன வீடு இன்னும் விற்காமல் இருக்கும். எண்பது தாண்டாது என்பார் புரோக்கர். வங்கிகளுக்கு மதிப்பீடு செய்து கொடுக்கும் அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் ஒருவரைப் பிடித்து ஆறாயிரம் கொடுத்து எழுத்தில் வாங்கினேன். செலவிலேயே உருப்படியான செலவு அதுதான். வாங்குகிறவர் லோன் போட்டால் வங்கி கிட்டத்தட்ட இந்த முறையில்தான் மதிப்புப் போடும் என்பதால், நடக்கக்கூடிய விலை நமக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் அளந்ததில் இன்னொன்றும் தெரிந்தது. பத்திரத்தில் 2,400 சதுர அடி, தரையில் 2,340 தான். முன்பக்கம் ரோட்டுக்குப் போயிருக்கிறது. சதுர அடி 3,500 என்று பேசினால் இரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசம். பேரம் முடியப்போகும் நேரத்தில் அந்தப் பக்கம் டேப்போடு வந்து கண்டுபிடித்துச் சொல்வதைவிட நாமே முதலில் சொல்லிவிடுவது கௌரவம். 98 லட்சம் சொன்னோம்.

விளம்பரத்துக்கு ஒரு தனி சிம் வாங்கிக்கொள்ளுங்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். இணையத்தில் போட்ட அன்றே போன் அடிக்க ஆரம்பித்தது. முக்கால்வாசி புரோக்கர்கள். "பார்ட்டி ரெடியா இருக்கு மேடம்" என்பார்கள், பார்ட்டி வராது. வீட்டு வாசலில் போர்டு மாட்டியதில்தான் உண்மையான ஆட்கள் வந்தார்கள். அந்த ஏரியாவிலேயே வாடகைக்கு இருப்பவர்கள், அக்கம்பக்கத்தில் சொந்தம் இருப்பவர்கள். போட்டோ எடுக்கும்போது காலை வெயிலில், தெருவின் அகலம் தெரிகிற மாதிரி முதல் படம் எடுங்கள். விளம்பரத்தில் 'அழகிய வீடு' என்று எழுதுவதை விட்டு, மனை அளவு, எந்தத் திசை பார்த்தது, ரோடு எத்தனை அடி, மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா, போர் ஆழம், பாதாளச் சாக்கடை வந்துவிட்டதா என்று எழுதினால் வெட்டிப் போன்கள் பாதியாகக் குறையும். ஆடியிலும் மார்கழியிலும் எவரும் அட்வான்ஸ் கொடுக்க மாட்டார்கள். அந்த மாதங்களில் ரிப்பேர் வேலையை வைத்துக்கொண்டு, தை பிறக்கும்போது வீடு தயாராக இருந்தால் நல்லது.

புரோக்கர் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், கடைசியில் எங்கள் வீடு முடிந்தது ஒரு புரோக்கர் மூலம்தான். ஆனால் "உங்களுக்கு நெட்டா எவ்வளவு வேணும்னு சொல்லுங்க, மேல வர்றதை நான் பாத்துக்கிறேன்" என்று ஆரம்பிக்கிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். மேலே வைத்துக் கேட்டே நல்ல ஆட்களை ஓட்டிவிடுவார். கமிஷன் எத்தனை சதவீதம், எப்போது தருவோம் என்று முதலிலேயே பேசி, வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதிவு நடக்கிற அன்றுதான் கமிஷன், ஒப்பந்தம் போடும் அன்று அல்ல. இதில் மட்டும் நான் கறாராக இருந்ததால் பின்னால் தப்பித்தேன்.

2024 தையில் ஒரு பார்ட்டி அமைந்தது. தனியார் கம்பெனியில் நல்ல வேலை, வங்கி லோன், 93 லட்சத்துக்குப் பேசி முடித்தோம். ஐந்து லட்சம் அட்வான்ஸ், நான்கு மாதக் கெடு, கிரய ஒப்பந்தத்தைப் பதிவும் செய்தாயிற்று. அண்ணன் சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு எனக்குப் பவர் அனுப்பியிருந்தான். வெளிநாட்டில் எழுதின பவர் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும், அதை மட்டும் தாமதிக்காதீர்கள். எல்லாம் சரி என்று நிம்மதியாக இருந்தபோது வங்கியின் வழக்கறிஞரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. வாரிசுச் சான்றிதழில் நாலு பேர் இருக்கிறார்கள், ஒப்பந்தத்தில் மூன்று பேர்தானே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்?

நாலாவது பெயர் எங்கள் அப்பத்தா, அப்பாவின் அம்மா. அப்பா இறந்தபோது அப்பத்தா இருந்தார். 2021-ல்தான் காலமானார். அவர் போனதோடு அந்தப் பெயரும் முடிந்தது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். ஒப்பந்தம் எழுதியவரும் இறப்புச் சான்றிதழை இணைத்துக்கொண்டு மேலே போய்விட்டார். சட்டம் வேறு சொல்கிறது. 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்தில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு அவரைப் பெற்ற தாய்க்கும் உண்டு. ஆக வீட்டில் கால் பங்கு அப்பத்தாவுடையது ஆகிவிட்டது. அப்பத்தாவும் உயில் எழுதவில்லை. அந்தக் கால் பங்கு அவருடைய பிள்ளைகள் மூவருக்கும் போகிறது: சித்தப்பாவுக்கு, அத்தைக்கு, இறந்துபோன அப்பாவுக்குப் பதிலாக அண்ணனுக்கும் எனக்கும். அதாவது அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டில் சித்தப்பாவுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு, அத்தைக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. அவர்கள் கையெழுத்து இல்லாமல் வீடு விற்க முடியாது. உங்கள் வீட்டிலும் மகனுக்குப் பின்னால் தாய் இறந்திருந்தால், பெயின்ட் டப்பா வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

சித்தப்பாவோடு அப்பாவுக்குப் பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அப்பாவின் காரியத்துக்கு வந்துவிட்டு, சாப்பிடாமல் போனவர். புதுக்கோட்டையில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றபோது எனக்குக் கை நடுங்கியது. உட்காரச் சொன்னார், காபி வந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அம்மாவைக் கடைசி காலத்துல வச்சுப் பாத்தது நாங்க. அப்பல்லாம் வராதவ, கையெழுத்து வேணும்னதும் வந்துட்ட" என்றார். பதில் சொல்ல எனக்கு வாயில்லை, அவர் சொன்னதும் பொய்யில்லை. பங்குப் பணம் வேண்டும் என்றார். வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்து அழுதேன். அன்று அவர்மேல் இருந்த கோபம் இப்போது இல்லை. சட்டப்படி அவருக்கு வர வேண்டியதைத்தான் கேட்டார், ஒரு ரூபாய் கூட அதிகம் கேட்கவில்லை.

அவர் ஒத்துக்கொள்வதற்குள் நான்கு மாதக் கெடு முடிந்துவிட்டது. லோன் நின்றது. வாங்க வந்தவர் பின்வாங்கினார், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் பதிவானதால், சொத்தின் மேல் உள்ள பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழில் அது ஏறி உட்கார்ந்துகொண்டது. அவர் வந்து ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆளிடம் பேசவே முடியும். அட்வான்ஸ் ஐந்து லட்சத்தைத் தொடாமல் வங்கியில் போட்டு வைத்திருந்ததால் உடனே திருப்பிக் கொடுக்க முடிந்தது. அது போதாது, லோனுக்குக் கட்டிய கட்டணம், வழக்கறிஞர் செலவு, நஷ்டஈடு என்று மேலே ஒன்றேகால் லட்சம் கேட்டார். பேசிப் பேசி ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு இறங்கினார். கொடுத்தோம். ஒப்பந்தம் எழுதும்போதே ஒரு ஷரத்து சேர்த்துவிடுங்கள்: ஆவணக் குறையால் வங்கி லோன் மறுத்தால், வட்டியோ நஷ்டஈடோ இல்லாமல் அட்வான்ஸைத் திருப்புவது, அதே நாளில் இருவரும் ரத்துப் பத்திரம் பதிவது. இன்னும் நல்லது, விளம்பரம் போடும் முன்பே ஒரு வழக்கறிஞரிடம் பத்திரங்களைக் கொடுத்து, வாங்குகிறவர் தரப்பு வழக்கறிஞர் பார்ப்பது மாதிரி பார்க்கச் சொல்லி லீகல் ஒப்பீனியன் வாங்குவது. எங்கள் ஊரில் அதற்கு எட்டாயிரம் கேட்டார்கள். வில்லங்கச் சான்றிதழை வீட்டிலிருந்தே பதிவுத் துறை இணையதளத்தில் எடுத்து நீங்களும் ஒரு தடவை வரிக்கு வரி படியுங்கள்.

அத்தை கரூரில் இருக்கிறார். எனக்கு ஒன்றும் வேண்டாம், எங்கே வரணும்னு சொல்லு என்றார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. கேட்டவருக்குக் கொடுத்துவிட்டுக் கேட்காதவரை விடுவதா என்று இருவருக்கும் சமமாகவே கொடுத்தோம். அத்தைக்கு பான் கார்டே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஐம்பது லட்சமும் அதற்கு மேலும் போகிற வீட்டுக்கு வாங்குகிறவர் ஒரு சதவீதம் டி.டி.எஸ். பிடிப்பார், அதாவது வரிக்காக நம் பணத்தில் முன்கூட்டியே கழித்துக்கொள்வார். விற்கிறவருக்குப் பான் இல்லாவிட்டால் அவர் பங்கில் இருபது சதவீதம் போய்விடும். எழுபத்திரண்டு வயதில் அத்தைக்கு பான் எடுத்தோம். அண்ணன் வெளிநாட்டில் வசிப்பவன் என்பதால் அவன் பங்குக்கு இந்த ஒரு சதவீதக் கணக்கே கிடையாது, நிறையப் பிடிப்பார்கள். குறைத்துப் பிடிக்க வருமானவரித் துறையில் முன்கூட்டியே சான்றிதழ் வாங்க வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். வெளிநாட்டில் பங்குதாரர் இருந்தால் விலை பேசும் முன்பே ஆடிட்டரைப் பாருங்கள்.

2025 தையில் இரண்டாவது பார்ட்டி. கணவன் மனைவி இருவரும் ஆசிரியர்கள், குடியிருக்க வாங்கினார்கள். முதல் தடவை அவர்கள், அடுத்த தடவை வாஸ்து பார்ப்பவர், அதற்கடுத்து மாமனார். வாஸ்து பார்ப்பவர் காம்பஸை வைத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே ரொம்ப நேரம் நின்றபோது என் மூச்சே நின்றது. "படியை ஒண்ணும் செய்ய வேணாம், வாசக் கேட்டை மட்டும் நகத்திக்கிட்டாப் போதும்" என்றார். 91 லட்சத்துக்கு முடிந்தது. நடுவில் மாமனார், பத்திரத்தில் அறுபது காட்டிவிட்டு மீதியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பேசிப் பார்த்தார். முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு என்று ஒன்பது சதவீதம் அவர்கள் தலையில் விழுகிறதே, கேட்கத்தான் செய்வார்கள். வீடு விற்பதில் இருபதாயிரமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும் என்பதை ஆடிட்டர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னதும் மாமனார் பேச்சை மாற்றிவிட்டார்.

பதிவன்று சித்தப்பா குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னாலேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். நாலு பேரும் விற்பவர்களாகக் கையெழுத்து வைத்தோம், அண்ணனுக்காக நான் ஒன்று கூடுதலாக. சித்தப்பா பங்கு ஏழரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். டி.டி. அவர் பெயருக்குத் தனியாக எடுக்கச் சொல்லியிருந்தோம். ஒரே கணக்கில் வாங்கிப் பிறகு பிரித்துக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொன்னார். கேட்காதீர்கள், வரிக் கணக்கு சிக்கலாகும்.

வரி என்றதும் ஒன்று. 2001-க்கு முன் வாங்கிய சொத்துக்கு 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. 2024 ஜூலை 23-க்குப் பிறகு விற்றதால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. இங்கே வசிக்கிறவர்கள், அதற்கு முன் வாங்கின வீட்டுக்கு, பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். அண்ணனுக்கு அந்தச் சலுகை இல்லை. அம்மா வரியை மிச்சப்படுத்த, தன் பங்கு லாபத்தை மூலதன ஆதாய பாண்டில் ஆறு மாதத்துக்குள் போட்டுவிட்டார். ஒருவருக்கு ஐம்பது லட்சம் வரை அதில் போடலாம், ஐந்து வருடம் எடுக்க முடியாது.

மின் இணைப்பு, சொத்து வரி, தண்ணீர் வரி மூன்றையும் புது ஆட்கள் பெயருக்கு மாற்ற நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இல்லாவிட்டால் பாக்கி வந்தால் நோட்டீஸ் அப்பா பெயருக்கே வரும். இணைய விளம்பரத்தை எடுத்தும் ஆயிற்று. ஆனால் அந்தத் தனி சிம்முக்கு இன்னும் போன் வருகிறது. "வீடு வித்தாச்சுங்க" என்றால், "அப்படியா மேடம், அந்த ஏரியாவுல வேற யாராவது விக்கிறாங்களா?" என்கிறார்கள்.